அடுத்த போர்ஷன் காலி!

பட்டணத்தில் குடித்தனம் செய்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பல்லவி காதில் விழும்: "இடமே போதவில்லை!" அலமாரி போதவில்லை, பரண் போதவில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளிய டிரங்குப் பெட்டியின் மேல் இன்னும் இரண்டு பெட்டிகள். தீபாவளிக்குத் தீபாவளி வாங்கிச் சேர்த்த பாத்திரங்களை எங்கே வைப்பது என்று வீட்டு அம்மாள் கேட்பாள். "உங்களுடைய அந்தப் பழைய பத்திரிகைக் கட்டுகளை முதலில் எடைக்குப் போடுங்கள்" என்று அவளே தீர்ப்பும் சொல்லி விடுவாள்.

சில வருஷங்களாக இந்தப் பல்லவியில் புதிதாக ஒரு குரல் சேர்ந்திருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரின் குரல்தான். நாம் பாட்டுக்கு ஏதோ வேலையாக உட்கார்ந்திருப்போம். திரையின் மூலையில் சின்னச் சீட்டு ஒன்று எட்டிப் பார்த்து, "டிஸ்கில் இடம் குறைந்து விட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லி விட்டு மறையும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பட்டை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிவந்து கிடக்கும். வாடகை பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு திகில்!

அதற்கு அப்புறம் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. கடைக்குப் போய்ப் பெரிய டிஸ்க் என்ன விலை என்று கேட்கிறார்கள். அல்லது உட்கார்ந்து கொண்டு, இருப்பதை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். டிஸ்கின் வரைபடத்தைத் திறந்து பார்ப்பதுதான் அது.

எதற்காக இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

* * *

மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா இருக்கிறாள். பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷங்களுக்கு முன்னால் காலமாகி விட்டார். அவர் இருந்த நாளில் அவருக்கு ஒரு வழக்கம். பெங்களூரில் இருக்கும் பேரனுக்காக ராத்திரி சாப்பாடு ஆனதும் ஒரு கதை சொல்லி, அதைச் செல்போனில் பதிவு செய்வார். மறுநாள் காலையில் காபி குடித்த கையோடு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கணக்கு வாத்தியார் அல்லவா, வரிசையாக நம்பர் போட்டு வைப்பார். இந்தக் கதைகளோடு, பதினைந்து வருஷத்துப் போட்டோக்களும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனபோது, பெரியம்மா மூக்குக் கண்ணாடியும் கையில் பேனாவுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"என்ன பெரியம்மா, வரவு செலவா?"

"வரவு எங்கே? எல்லாம் செலவுதான்" என்று நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

அழகான கையெழுத்தில் பட்டியல். 'காசி. படகில் அவர். கண் மூடியிருக்கிறது.' 'திருச்செந்தூர். கூட்டம். முகம் சரியாகத் தெரியவில்லை.' 'ரமா கல்யாணம். பந்தி. யாரோ குறுக்கே போகிறார்கள்.' இப்படியே பக்கம் பக்கமாக.

"இதெல்லாம் அழித்த படங்கள். பதினைந்து நாளாகச் சாயங்காலம் விளக்கேற்றினதும் நாலு படம் அழிக்கிறேன். கடைப் பையன் வந்து பார்த்தான். டிஸ்க் ரொம்பி விட்டது, அழியுங்கள், இல்லையானால் புதிசு வாங்குங்கள் என்று சொல்லி விட்டுப் போனான்."

"அழித்ததை எதற்குப் பெரியம்மா எழுதி வைக்கிறீர்கள்?"

"படம்தான் போய் விட்டது. இன்ன படம் இருந்தது என்றாவது தெரியட்டுமே!"

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பெரியம்மாவே மேலே சொன்னாள்: "படத்தில் இனிமேல் அழிக்க மனசு வரவில்லை. இன்றைக்குக் கதைகளை எடுத்திருக்கிறேன். முப்பத்தேழு கதை இருக்கிறது. ஒரே கதையை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாரோ என்று கேட்டுப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் ஒன்றை எடுத்து விடலாம், பார். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அறுபது படம் அழித்தும் இடம் கடுகளவு கூட ஏறவில்லையே, ஏன்?"

பெரியம்மா கேட்டது மிக நல்ல கேள்வி. கடைப் பையன் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது பக்கக் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் விழும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஓர் இனம் உண்டு. அதைத் திறந்தேன். திரையின் கீழ்ப்பாதியில் டிஸ்கின் வரைபடம் வந்தது. மொத்தம் 465 ஜி.பி. அதில் 'சி' என்று ஒரு கட்டம், 97 ஜி.பி. அதை ஒட்டி 'டி' என்று மற்றொரு கட்டம், சுமார் 367 ஜி.பி. சியில் ஒரு ஜி.பி. கூடக் காலி இல்லை. டியில் இருந்ததெல்லாம் இரண்டு பழைய சினிமாப் படமும், பிரிண்டருக்கு உண்டான சாமான்களும்தான். பாக்கி அத்தனையும் காலி!

"அந்த டி எப்போது வந்தது?" என்று கேட்டாள் பெரியம்மா.

"வாங்கின நாளிலிருந்து இருக்கிறது."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டாள். "அப்படியானால் இத்தனை வருஷமும் கூடத்தைப் பூட்டி வைத்து விட்டு, சமையலறையில் குடித்தனம் செய்திருக்கிறோம் என்று சொல்லு!"

* * *

அதுதான் உண்மை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே பெரிய வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹார்ட் டிஸ்கில் பார்ட்டிஷன் என்பதும் அதுவேதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே டிஸ்க், உள்ளே போர்ஷன்கள். ஒரு போர்ஷன்காரருக்கு இடம் போதாவிட்டால் அடுத்த போர்ஷன் காலியாக இருந்தாலும் அவருக்குப் பிரயோஜனமில்லை.

ஆனால் இந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லை, வெறும் எழுத்து. டிஸ்கின் முதல் ஏட்டில் ஒரு சின்ன அட்டவணை எழுதியிருக்கிறது. இன்ன போர்ஷன் இந்த இடத்தில் ஆரம்பம், இவ்வளவு நீளம் என்று அதில் குறித்திருக்கும். 1983-ல் ஐ.பி.எம். கம்பெனியின் எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரோடு வந்த ஏற்பாடு இது. அட்டவணையில் நாலே வரிகள். ஒரு வரிக்கு 16 பைட் வீதம், மொத்தம் 64 பைட். அறுபத்து நாலு ஆங்கில எழுத்து பிடிக்கிற இடம். ஒரு போஸ்ட் கார்டில் பாதி கூட ஆகாது! புதிய கம்ப்யூட்டர்களில் ஜி.பி.டி. என்ற பெரிய அட்டவணை இருக்கிறது. விண்டோஸில் அதற்கு 128 வரிகள். முன்னால் ஒரு பிரதி கெட்டுப் போனால் உதவட்டும் என்று டிஸ்கின் கடைசியில் இன்னொரு பிரதியும் வைத்திருக்கிறார்கள்.

சரி, இருக்கிற இடத்தை எதற்காகத் தடுக்க வேண்டும்? அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு.

உலகத்தில் முதன் முதலாக விற்பனைக்கு வந்த ஹார்ட் டிஸ்க், 1956-ல் ஐ.பி.எம். செய்த ராமாக் என்ற யந்திரத்தில் இருந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. எடை ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய பூதத்தில் பிடித்தது ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்றைக்குச் செல்போனில் எடுக்கிற ஒரு பெரிய போட்டோவே அதை ரொப்பி விடும்! அந்த நாளில் இருக்கிற இடத்தைக் கூறு போட யாருக்குத் தோன்றும்?

1980-களில் டிஸ்க் வளர்ந்து விட்டது. அதைக் கட்டியாண்ட டாஸ் என்ற மென்பொருள் வளரவில்லை. ஒரு போர்ஷனில் 32 எம்.பி.க்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. பெரிய டிஸ்க் வாங்கினால் வெட்டித்தான் ஆக வேண்டும். பிறகு அந்த வரம்பு 2 ஜி.பி. ஆயிற்று. 1996-ல் வந்த விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பில்தான் அந்த வரம்பும் தளர்ந்தது. அதற்குள் கடைக்காரர்களுக்குக் கை பழகி விட்டது. டிஸ்க் என்று வந்தால் சி, டி, இ என்று நாலு கீறு கீறாமல் தூக்கம் வராது! ஏ, பி என்ற எழுத்துக்களை ஃபிளாப்பிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஃபிளாப்பி போய் விட்டது. ஆனாலும் எண்ணிக்கை இன்றும் சியிலிருந்தேதான் ஆரம்பிக்கிறது.

தடுப்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் பழுதாகி மறுபடி புதிதாகப் போடும்படி நேர்ந்தால், சியை மட்டும் துடைத்து விட்டுப் போடலாம். டியில் வைத்தது டியில் இருக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் படமானாலும் பாட்டானாலும், இறக்கிக் கொண்ட எதுவானாலும், நாம் வேறு சொல்லாத வரையில் சியில்தான் போய் உட்காரும். டியைத் தடுத்துக் கொடுத்த கடைக்காரர் அதன் சாவி இங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லவில்லை. அவ்வளவுதான் தகராறு.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்து விடுகிறேன். டிஸ்கின் மேல் 500 ஜி.பி. என்று போட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் 465 என்கிறதே, மீதி 35-ஐ யார் சாப்பிட்டது? யாரும் சாப்பிடவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பெரிய படியால் அளந்தால் படிக் கணக்குக் குறையத்தானே செய்யும்? கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

* * *

இனி, பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அறுபது படம் அழித்தும் இடம் ஏன் ஏறவில்லை?

டெலீட் செய்த படம் வீட்டை விட்டுப் போவதில்லை. 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக் கூடைக்குப் போகிறது. சியில் அழித்ததற்குக் கூடை சியிலேயே இருக்கிறது. கூடத்துச் சாமானைக் கூடத்து மூலையில் இருக்கும் கூடையில் போட்டால் கூடம் எப்படிக் காலியாகும்?

கூடையைத் திறந்தேன். அறுபது படமும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் ஒருமிக்கத் தேர்ந்தெடுத்து 'ரெஸ்டோர்' என்ற ஒரு வார்த்தையை அழுத்தினேன். பெரியம்மா நோட்டை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, எதிரே ஒரு டிக் போட்டாள். காசிப் படகு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவை எடுக்கவில்லை.

"கண்ணை மூடிக் கொண்டால் என்ன? படகில் இருக்கிறாரே!" என்றாள்.

இதைப் படித்து விட்டு, குப்பைக் கூடை இருக்கிறது என்று யாரும் தைரியமாக இருந்து விட வேண்டாம். கூடைக்கு ஓர் அளவு உண்டு. ரொம்பினால் பழையது தானே கழியும். இடம் மிகவும் நெருக்கடியானால், முப்பது நாளுக்கு மேற்பட்ட குப்பையை விண்டோஸ் தானாகவே அப்புறப்படுத்துவதும் உண்டு. நான் இன்னும் ஒரு மாசம் கழித்துப் போயிருந்தால் நோட்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பிறகு செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் முக்கியம்.

முதலில், வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்றில் படங்களையும் கதைகளையும் பிரதி எடுத்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டாவதாக, டியில் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கினோம். மூன்றாவதாக, 'பிக்சர்ஸ்' ஃபோல்டரின் மேல் வலது பக்கக் கிளிக் செய்து, 'புராப்பர்ட்டீஸ்', அதில் 'லொக்கேஷன்', அதில் 'மூவ்' என்று போய், டியில் உண்டாக்கின அந்த ஃபோல்டரைக் காட்டினோம். பழைய படங்களையும் மாற்றட்டுமா என்று கேட்டது, ஆகட்டும் என்றோம். இதில் ஒரு ஜாக்கிரதை. வெறும் டியைக் காட்டி விடக் கூடாது. டிக்குள் ஒரு ஃபோல்டரைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டி முழுவதையுமே அது படப் பெட்டியாக நினைத்துக் கொண்டு விடும்.

பெரியப்பாவின் கதைகளையும் டியில் பிரதி செய்து, கேட்டுப் பார்த்த பிறகே சியிலிருந்து எடுத்தோம். காபி வேளை ஆவதற்குள் சியில் ஐம்பது ஜி.பி.க்கு மேல் காலி! சிவப்புப் பட்டை நீலமாயிற்று. எந்தச் சுவரையும் இடிக்கவில்லை. சாமானை அடுத்த போர்ஷனுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

* * *

சுவரையே நகர்த்தத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. 2007-ல் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, இதே டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஷ்ரிங்க்' என்று சுருக்கவும் 'எக்ஸ்டெண்ட்' என்று நீட்டவும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு சூட்சுமம். நீட்டுவதானால், காலி இடம் அந்தப் போர்ஷனின் வலது பக்கத்தில், ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். டியைச் சுருக்கினால் காலியாவது டியின் கடைசிப் பக்கம். சியை ஒட்டிய பக்கம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப் பக்கத்து அறையைக் காலி செய்து கொடுத்தால் நம் வாசல் அறை பெரிதாகுமா? "சுருக்கினேன், ஆனால் சேரவில்லை" என்று பலர் தலையைப் பிய்த்துக் கொள்வது இதனால்தான்.

சேர்க்க வேண்டுமானால் டியில் இருப்பதை வேறு டிஸ்கில் பிரதி எடுத்துச் சரி பார்த்து விட்டு, டியை முழுவதும் நீக்கி, சியை வேண்டிய அளவு நீட்டி, மீதியில் மறுபடி டியை உண்டாக்க வேண்டும். டியை நீக்கினால் அதில் இருப்பது அத்தனையும் போய் விடும். ஆகவே பிரதி எடுக்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் உள்ள கம்ப்யூட்டரானால், அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்து கொண்டிருக்கிற நாளில் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வரைபடத்தில் நூறு எம்.பி., ஐந்நூறு எம்.பி. என்று எழுத்துப் பெயர் இல்லாத குட்டிக் கட்டங்கள் சில தெரியும். வீணாகக் கிடக்கிறதே என்று அவற்றில் கை வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கும், நோய் வந்தால் பிழைப்பதற்கும் வேண்டியவை அவற்றில்தான் இருக்கின்றன. வீட்டில் மீட்டர் பெட்டி இருக்கும் இடம் போல் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில சமயம் அந்தக் குட்டிக் கட்டமே சிக்கும் காலி இடத்துக்கும் நடுவில் நந்தி மாதிரி படுத்திருக்கும். அதை நகர்த்த ஜிபார்ட்டெட் என்ற இலவச மென்பொருள் உண்டு. பழகின கை அதைச் செய்வதே நல்லது.

கறுப்புக் கோடு போட்ட கட்டம் ஏதாவது கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அது யாருக்கும் ஒதுக்காத இடம். எங்கள் ஆபீசில் புரூஃப் பார்க்கும் நண்பர் ஒருவர் 250 ஜி.பி. டிஸ்கை மாற்றி, ஒரு டி.பி. டிஸ்க் போட்டார். பழையதை அப்படியே நகல் எடுத்ததில், சுவரும் பழைய அளவிலேயே நகலாகி விட்டது. புது டிஸ்கிலும் இடம் போதவில்லை என்று ஒரு மாசம் கடையைத் திட்டிக் கொண்டிருந்தார். வரைபடத்தைப் பார்த்தால் சியை ஒட்டினாற்போல் ஏறக்குறைய 700 ஜி.பி., கறுப்புக் கோட்டின் கீழ் தூங்கிக் கொண்டிருந்தது! ஒரு நிமிஷத்தில் நீட்டிச் சேர்த்தாயிற்று.

* * *

அன்று நான் புறப்படும்போது பெரியம்மா ஒரு யோசனை சொன்னாள். "இனிமேல் எதையும் சியில் ஒன்று, டியில் ஒன்று என்று இரண்டு பிரதியாக வைத்து விடுகிறேன். ஒன்று போனால் ஒன்று இருக்கும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சியும் டியும் இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்கின் இரண்டு போர்ஷன். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். போர்ஷன் எத்தனை இருந்தாலும் கூரை ஒன்றுதானே? ஆகையால் கதைகளில் ஒரு பிரதி டியில் இருக்கிறது. ஒரு பிரதி, பெரியம்மாவின் பீரோவில் புடவைகளுக்கு நடுவே, வெளி டிஸ்கில் இருக்கிறது. இன்னொரு பிரதி பெங்களூருக்குப் போய், உரிய பேரனிடமே சேர்ந்து விட்டது.

இரண்டு தடவை சொன்ன கதை ஒன்று நிஜமாகவே இருந்ததாம். போன வாரம் பெரியம்மா டெலிபோனில் சொன்னாள். "ஒன்றை எடுத்து விட்டீர்களா?" என்று கேட்டேன்.

"எப்படி எடுக்கிறது? முதல் தடவை சொன்னபோது கிழவி செத்துப் போகிறாள். குழந்தை அழுதிருக்கும் போலிருக்கிறது. இரண்டாவது தடவை அவளைப் பிழைக்க வைத்திருக்கிறார்!"

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அந்தச் சிவப்புப் பட்டை தெரிந்தால், எதையும் அழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பார்ப்பதால் எதுவும் கெட்டு விடாது. அடுத்த போர்ஷன் காலியாக இருக்கும்போது, வீட்டு மனிதர்களை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்?